மாமா பார்த்த குறி

கொழும்புத் தம்பிக்கு,

நீ என் மகள் தயானியிடம் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன். நடுவில் தும்மல் வேறு வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பங்களைப் பார்த்து, வெளிநாட்டு மேனேஜ்மென்ட் படிப்புக்கு யாருக்கு இடம் கிடைக்கும் என்று குறி சொல்லிப் பிழைக்கிறவன் நீ. "லயத்து வரிசை வீட்டுப் புள்ளைக்கெல்லாம் அங்க சான்ஸே இல்ல. தேயிலைத் தோட்டம், கொழுந்துன்னு எழுதினா சிரிப்பாங்க" என்றாய். நான் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னாய். அந்தக் கொழுந்து மட்டும் இனித்ததா, துரையே?

அவள் உன் பேச்சைக் கேட்கவில்லை. திருவிழாவில் தேர் முதலில் மேல் லயத்துக்கா கீழ் லயத்துக்கா என்று ஆம்பிளைகள் அடித்துக்கொண்டபோது, தேரை நடுவில் நிறுத்தி, இரண்டு லயத்துக்கும் ஒரே தீபம் காட்டவைத்தாளே, அதை விண்ணப்பத்தில் அப்படியே எழுதினாள். நேர்முகப் பரீட்சையிலும் அதைத்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டார்கள். நேற்று இடம் கொடுத்துவிட்டார்கள்.

வாழ்த்துச் சொல்கிறேன் என்று இந்தப் பக்கம் வந்துவிடாதே. வந்தால் பச்சைத்தண்ணிதான்.

நேர்முகப் பரீட்சை போனில் நடந்தது. போனை நிறுத்திவைக்கக் கண்ணாடிச் சட்டம் போட்ட உன் கல்யாண போட்டோவைத்தான் முட்டுக் கொடுத்தோம். பேசி முடிந்ததும் இரண்டும் சரிந்து விழுந்தன. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படிக்கு,
உன் லயத்து அக்கா