பாட்டுப் பக்கம் போன சொல்

உன் ஹெட்போனை இன்று காலை குப்பைப் பையில் போட்டுவிட்டார்கள். நான்தான் குனிந்து எடுத்தேன். காதுப் பஞ்சு உரிந்து கருப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்டுகிறதென்று, பழைய ரவிக்கைத் துணியில் நீயே உறை தைத்து மாட்டியது. துணியின் பச்சை வெளுத்துவிட்டது. நீ தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயின் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. "பழசுக்கா, ஒரு பக்கம் கேக்கல" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். அவள்மேல் தப்பில்லை. உன்னை அவளுக்குத் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பாகூரில் ஒரே பஸ் பிடித்து, வில்லியனூரில் இருந்த அந்த ஒலி ஆய்வகத்துக்கு நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குப் போனோம். பேச்சும் பாட்டும் கலந்து பதிவான ஒலியை அல்காரிதம் இரண்டாகப் பிரிக்கும். பேச்சு ஒரு ஃபைல், பாட்டு ஒரு ஃபைல். பிரித்தது சரியா என்று கேட்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவது நம் வேலை. கம்ப்யூட்டரும் தன் கணக்கில் ஒரு மார்க் போடும். நம் மார்க்கும் அதன் மார்க்கும் ஒத்துப்போனால் ஆய்வகத்தை நடத்தும் சாருக்கு மகிழ்ச்சி. "அரிசில கல்லு பொறுக்கற வேலதான்டி, காதால" என்று முதல் நாளே சொன்னாய். நாங்கள் மற்றவர்கள் பேச்சு ஃபைலை மட்டும் கேட்டு மார்க் போட்டுவிடுவோம். நீ பாட்டு ஃபைலையும் முழுக்கக் கேட்பாய். உன்னால் வேலை தாமதமாகிறதென்று சார் இரண்டு முறை சொன்னார். நீ காதில் வாங்கவில்லை.

ஊர்க்கூட்டப் பதிவுகளைச் சுத்தம் செய்து, பேசியதை எழுத்தாக்கித் தரும் பொறுப்பை ஆய்வகம் அப்போதுதான் எடுத்திருந்தது. செலியமேட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த கூட்டம் நமக்கு வந்தது. ஊர்ப் பொதுக் களத்தைக் கிடங்கு கட்டக் கொடுக்கலாமா என்பது பேச்சு. பக்கத்தில் ஏதோ கல்யாண வீட்டு ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. பாட்டை நீக்கிய பேச்சு ஃபைலில் ஒரு பெண்ணின் குரல் தெளிவாக வந்தது: "எங்களுக்கு இதுல சம்மதம்." அதன் பிறகு அமைதி. யாரோ இருமினார்கள். கம்ப்யூட்டர் தொண்ணூற்றுக்கு மேல் போட்டிருந்தது.

நீ ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாய். பாட்டு ஃபைல். நாகஸ்வரத்துக்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் இழுத்தது: "இல்லே..."

"பாட்டுப் பக்கம் போய் ஒக்காந்துகீது பாருடி" என்றாய். "கோவத்துல இழுத்துச் சொல்லிகீது அந்தம்மா. இழுத்தா ராகம்னு நெனச்சிகிச்சி மெஷினு."

நீ பதினைந்து மார்க் போட்டாய். நான் எண்பது போட்டேன். ஆம், அந்த 'இல்லே'யை என் காதால் கேட்ட பிறகுதான் எண்பது போட்டேன். கம்ப்யூட்டர் சொன்னதற்கு மாறாகப் போடப் பயம்.

மறுநாள் ஆய்வகக் கூட்டத்தில் சார் உன் மார்க்கைத் திரையில் போட்டுக் காட்டினார். "ஃபைல் முழுக்க நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு சொல்லுக்காகப் பதினஞ்சா?"

"அந்த ஒரு சொல்லச் சொல்லத்தான் சார் அந்தம்மா கூட்டத்துக்கே வந்துச்சி" என்றாய்.

யாரோ சிரித்தார்கள். உன் காதுக்குப் பயிற்சி போதவில்லை, உன் மார்க்குகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் சார். எடுத்தும்விட்டார். நான் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமலே கேட்டாய்.

"ஒனக்குக் கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சி."

"அப்ப ஏன்டி சொல்லல?"

பாகூரில் நீ எனக்கு முன்னே இறங்கிப் போய்விட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனாய். ஏரி வேலை முடிந்து பெண்கள் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் சோதனையில் மார்க் கிடையாது. போனில் ஃபைலைப் போட்டு, "இன்னா கேக்குதோ அதச் சொல்லுங்க" என்றாய். சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதிக்கொண்டாய். சுத்தம் செய்ததைக் கேட்ட அத்தனை பேரும் 'சம்மதம்' என்றார்கள். அப்புறம் ஸ்பீக்கர் இரைச்சலோடு இருந்த முதல் பதிவைப் போட்டாய். ஒருவர் பாக்கியில்லாமல் 'சம்மதம் இல்ல' என்றார்கள். "பாட்டோட கேட்டா நல்லாத்தானே புரியுது, எதுக்கு அத எடுத்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அதையும் நீ நோட்டில் எழுதிக்கொண்டாய்.

கூட்டத்தில் பேசிய பெண்ணும் அங்கேதான் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கையைக் கழுவிவிட்டு வந்து, போனைக் காதோடு வைத்து, சுத்தம் செய்த ஃபைலைக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

"கொரலு என்னுதுதான். ஆனா நான் இப்பிடிச் சொல்லல."

சத்தம் போடவில்லை அவர். முந்தானையால் போனைத் துடைத்து உன்னிடம் நீட்டினார். "இத எங்க குடுக்கப் போறாங்க? ஆபீசுலயா?" என்றார். நீ ஆமாம் என்றதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "மீதிய அப்பறம் துன்னலாம், எழுந்திருங்க. இப்பவே எழுதிட்டு நாளிக்கே குடுத்துடுவோம்."

கொடுத்தார்கள். கையெழுத்தும் கைநாட்டுமாக. மறுகூட்டம் வைத்தார்கள், ஸ்பீக்கர் இல்லாமல். இந்த முறை யாரும் எந்தச் சொல்லையும் தொலைக்கவில்லை. களம் இன்றைக்கும் அந்த ஊரிடம்தான் இருக்கிறது.

உனக்குத்தான் வேலை போனது. ஆய்வகத்துப் பதிவை வெளியே கொண்டுபோனது குற்றமாம். ஒரு பெண் சொல்லாததைச் சொன்னதாக எழுதிக் கொடுக்கவிருந்தது யாருக்கும் குற்றமாகப் படவில்லை. உன் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கொடுத்தாய். வாசல்வரை வந்த என்னிடம், "நீயாவது பாட்டு ஃபைலையும் கேளு" என்றாய். பிறகு இரண்டு மழைக்காலம் போனது. மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

இப்போது அங்கே எல்லா அல்காரிதத்துக்கும் ஒரு புதுச் சோதனை உண்டு. கேட்டதைக் கேட்டபடி எழுதவைப்பது, இல்லை என்று முடியும் வாக்கியங்களைத் தனியே எண்ணிப் பார்ப்பது, பாட்டு ஃபைலில் பேச்சு ஒட்டியிருக்கிறதா என்று தேடுவது. உன் மேசையிலும் வேப்பமரத்தடியிலும் நீ செய்ததேதான். அதற்குச் சார் ஆங்கிலத்தில் பெரிய பெயர் வைத்திருக்கிறார். அவர் எழுதிய கட்டுரையின் கடைசியில் இருக்கும் நன்றிப் பட்டியலில் ஏசி பழுது பார்த்தவர் பெயர்கூட இருக்கிறது. உன் பெயர் இல்லை. போய்க் கேட்டேன். "அவங்க தற்காலிகப் பணியாளர்தானே, போடற வழக்கம் இல்ல" என்றார். காது போதாது என்று துரத்தியவளின் காதை வைத்துத்தான் இன்று எல்லா மெஷினையும் அளக்கிறார். வழக்கம் இல்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை.

சென்ற வாரம் வெளியூர் ஆட்கள் வந்திருந்தார்கள். சார் மேடையில் நின்று அந்தச் சோதனையை விளக்கினார். யோசனை எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். "களப்பணியில் தானாகத் தோன்றியது" என்றார். நான் எழுந்தேன்.

"அது அவருக்குத் தோணினது இல்ல" என்றேன். உன் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். நோட்டு யாரிடம் இருக்கிறது என்று சொன்னேன். நான் போட்ட எண்பதையும் சொன்னேன்.

"உக்காருங்கம்மா, இத அப்பறம் தனியாப் பேசலாம்" என்றார்.

"தனியா வேணாம் சார். அவ மார்க்க எல்லார் முன்னாடியும்தான எடுத்தீங்க."

யாரும் சிரிக்கவில்லை. நோட்டைப் பார்க்கலாமா என்று கேள்வி கேட்டவர் சாரைக் கேட்டார். சார் தண்ணீர் குடித்தார்.

நேற்று எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஒழுங்குமீறலாம். பதில் எழுதிவிட்டேன், மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நாளை கொண்டுபோய்க் கொடுப்பேன். வேலை இருக்குமா தெரியாது. அதைவிட உறுத்துவது, இதை உன் முன்னாலேயே செய்ய அன்றைய கூட்டத்தில் எனக்கு வாய்ப்பு இருந்தது. நீ நின்றுகொண்டிருந்தாய், நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்மேல் இருக்கும் கோபம் என்றைக்காவது ஆறிவிடும். அன்றைய என்மேல் இருக்கும் இந்தக் கோபத்தை நான் ஆறவிடுவதாக இல்லை.