ஒரே கூரைக்குக் கீழே எத்தனை கதவு

நேற்றுக் காலை சாமி படத்துக்கு முன்னால் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மடியில் லேப்டாப்புடன் மகள். நான்காவது ஆளாக, என் சிநேகிதி நீயும் இருந்தாய், போய்ச் சேர்ந்த பிறகும் கடிதங்களாக. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் நம்பர் போட்டு அடுக்கியிருக்கும் உன் பதினான்கு கடிதங்களில் ஏழாவதை எடுத்தேன். விபூதி வாசம் ஏறியிருந்தது.

மகளின் வேலையைச் சொன்னால் நீ சிரிப்பாய். பிளேனைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிறாள். எந்த வழியில், எந்தச் சாய்வில் இறங்கினால் சத்தமும் புகையும் குறையும் என்று அந்த மென்பொருள் சொல்லிவிடும். படிப்படியாக இறங்கினால் ஒவ்வொரு படியிலும் இன்ஜினை முறுக்க வேண்டுமாம். நானுஓயாச் சரிவில் பஸ் இறங்குகிற மாதிரி ஒரே சாய்வாக வந்தால் உறுமலும் குறையும், எண்ணெயும் மிச்சம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களில்தானே நானும் படித்தேன்.

பிறகு ஏர்போர்ட்டுக்கு இறங்கும் இரண்டு வழிகளை லேப்டாப் படத்தில் காட்டினாள். "இந்தப் பக்கம் வீடு கம்மிம்மா. அதனால இதத்தான் சொல்லப் போறோம்."

அவள் விரல் வைத்த இடத்தில் ஒரு நீளக் கூரை. நீ கடிதங்களில் எழுதியிருந்த பக்கத்துக் குளத்தை வைத்து அடையாளம் கண்டேன். நீ நம் லிந்துலைத் தோட்டத்திலிருந்து கார்மென்ட்ஸ் தையல் வேலைக்குப் போய்த் தங்கிய போர்டிங் விடுதி. இன்று உன் மகள் அங்கேதான் இருக்கிறாள். அதே நைட் ஷிப்ட்.

"இதுல எத்தன வீடு கண்ணு?"

"ஒண்ணுதாம்மா. மேலருந்து எடுத்த படம். ஒரு கூரைன்னா ஒரு வீடு."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப நம்ம தோட்டத்து லயத்துல வரிசையா இருக்குற பன்னெண்டு குடும்பமும் ஒரே வீடா? ஒரே அடுப்பு போதுமே!"

"லயத்துல பொறந்தவளே கூரைய எண்ணுனா, கதவ எவ வந்து எண்ணுவா?" என்றேன் நான்.

ஏழாவது கடிதத்தை மகளுக்குக் கேட்க வாசித்தேன். 'வரிசையா அறை. வேல முடிஞ்சு விடிஞ்சி படுத்தா பிளேன் எழுப்பி விட்டுருது. பகல்ல தூங்க ஒரு வழி சொல்லு.' அதற்கு நான், சாமியைக் கும்பிட்டுப் படு என்று பதில் போட்டேன். கும்பிடுவது நல்லதுதான். ஆனால் நீ கேட்டது தூக்கம். அடுத்த கடிதத்தில் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மகள் அந்தக் கூரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ராத்திரி சத்தத்துக்குத்தாம்மா கூட மதிப்புப் போட்டோம். பகல்ல தூங்குறவங்கள நெனக்கவே இல்ல. ரிப்போர்ட்ட வெள்ளிக்கிழமை குடுக்கணும். அதுக்குள்ள எண்ணிக்க கெடச்சா மறுபடி ஓட்டிப் பாத்துரலாம்."

மற்ற வழியின் வீடுகளையும் கதவு கதவாக எண்ணச் சொன்னேன். யார் தூக்கத்தையும் பிடுங்கி உன் மகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஒழுங்காக எண்ணினால் ஒழுங்கான வழி வரும்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ கேட்டதற்கு இத்தனை வருடம் கழித்துத்தான் சரியான பதில் போடுகிறேன். இனி எந்தக் கூரையைப் பார்த்தாலும் அதன் கதவுகளைத்தான் பார்ப்பேன்.

விளக்கேற்றிவிட்டு உன் மகளுக்குப் போனில் எழுதி அனுப்பியதை உனக்கும் இங்கே எழுதி வைக்கிறேன்:

'புள்ள, உங்க கூரைக்குக் கீழ எத்தன கதவு, கதவுக்கு எத்தன பேரு, பகல்ல தூங்குறது யாரு யாருன்னு எண்ணி அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். சீக்கிரம் பதில் போடு.'