மூன்று சுழி 'ண'

கிள்ளான்,
புதன்கிழமை.

புனிதாவின் அப்பாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று கேட்கவும் இன்று மனம் வரவில்லை. போனில் சொன்னால் "வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். லீவு முடிந்து நாளை பிந்துலு திரும்பும் உங்கள் கூட்டாளி குருவிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரை படியுங்கள்.

ரோமில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள் பதினான்கு பேரையும் பழைய ரோமானியர் காலத்து இடிபாடுகளைப் பார்க்க அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு செங்கல் சுவரில் யாரோ சாவி முனையால் புதிதாகக் கீறியிருப்பதைக் காவலாளி பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. இது என்ன என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். நம் மகள்தான் வாசித்துக் காட்டியிருக்கிறாள். "என் பேருதான் டீச்சர். ஆனா நான் எழுதல" என்று அப்போதே சொல்லியிருக்கிறாள். செய்தவள் தானே முன்வந்து வாசித்துக் காட்டுவாளா? உன் மொழி, உன் பெயர், வேறு யார் எழுதுவார்கள் என்று ஆசிரியை முடித்துவிட்டார். படத்தைப் பெற்றோர் வாட்சப் குழுவிலும் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை ரொட்டித் தொழிற்சாலையில் டீ நேரத்தில் அதைப் பார்த்தேன். அங்கே விடியட்டும் என்று காத்திருந்து, வேலை முடிந்ததும் கூப்பிட்டேன். அதற்குள் நீங்கள் கூப்பிட்டு முடித்திருந்தீர்கள். "மானத்த வாங்கிட்ட. நீ எனக்கு மகளே இல்ல" என்றீர்களாம். "அப்பா, அந்த எழுத்தப் பாருங்கப்பா" என்று அவள் சொல்லச் சொல்ல வைத்துவிட்டீர்களாம்.

நானும் ஒழுங்கில்லை. "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்றுதான் நானும் முதலில் கேட்டேன். "அப்பா மாதிரியே பேசுறீங்கம்மா" என்று சொல்லி அழுதாள்.

கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'புணிதா'. மூன்று சுழி 'ண'. லிட்டில் இந்தியாவில் கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துச் சிரிக்கும் பிள்ளை அவள். என் மகள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை லா என்று குருவிடம் பெருமை அடித்தது யார்? அவள் தன் பெயரையே தப்பாக எழுதுவாளா? உங்களுக்குக் கண் எங்கே போயிற்று?

ஆசிரியைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அவர் பார்த்தது மறுநாள்தான். அப்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் பொம்பேய்க்குப் போய்க்கொண்டிருந்தது. தண்டனை என்று புனிதாவை மட்டும் இன்னொரு ஆசிரியையோடு ஓட்டல் அறையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எரிமலைச் சாம்பல் மூடிய அந்த ஊரைப் பார்க்கத்தானே அவள் இந்தப் பயணத்துக்கே பெயர் கொடுத்தாள்? இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ரொட்டி சுட்ட அடுப்பு அங்கே இருக்கிறதாம். "உங்களுக்காகப் படம் எடுத்து வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தமிழ் எழுதத் தெரிந்தவர் வேறு யார் என்று ஆசிரியை பஸ்ஸில் கேட்டதும் தனேஷ் என்ற பையன் எழுந்து ஒப்புக்கொண்டான். அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக் கீறினானாம். காவலாளி வந்ததும் பயந்துவிட்டானாம். "தவறான புரிதல்" என்று ஆசிரியை குழுவில் இரண்டு கும்பிடு போட்டிருக்கிறார். பள்ளியில் அதற்கு நான் பேச வேண்டியதைப் பேசிக்கொள்கிறேன்.

தனேஷ் மீதும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவனுக்குப் பதினாறு வயது. உங்களுக்கு நாற்பத்தாறு. அவனாவது எழுந்து நின்றான். அவள் செய்யவில்லை என்று நான் அனுப்பிய செய்திக்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்? "சரி, விடு." எதை விடுவது?

நேற்று மாலை அவளே கூப்பிட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்றாள். தெரியும் என்றேன். "என்ன சொன்னாரு?" என்றாள். நீங்கள் சொன்னதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா அழுதுவிட்டார் என்று சொன்னேன். "நெசமாவா?" என்றாள். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவள் விமானம் இறங்குகிறது. வருகை வாசலில் உங்கள் அழைப்புக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். மன்னிப்பு என்ற சொல் உங்கள் வாயில் வராது. பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியும். அதைக் கேட்கவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும். மீதியை அவளே பேசிக்கொள்வாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். என் பிள்ளையிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
அமுதவள்ளி