வண்டியைத் திறந்து பார்த்தோம்

லப்பைக்குடிக்காடு,
வியாழக்கிழமை.

அன்பு மகன் முகமது அனஸுக்கு அம்மா நஃபீசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்புக்கும் மனசுக்கும் அல்லாஹ் ஆறுதலைக் கொடுக்கட்டும்.

போன் போட்டால் "டியூட்டிம்மா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலும் நீ கேட்காமலே கிடக்கிறது என்று அக்கா ஃபர்ஹா காட்டினாள். அதனால்தான் ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். லீவு முடிந்து உன் கூட்டாளி தவ்ஹீத் நாளைக்கு அங்கே ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறான். இதை நீ படித்து முடிக்கும்வரை உன் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே எலுமிச்சை ஊறுகாயும் வருகிறது, பாட்டிலைச் சாய்க்காமல் வை.

போன வாரம் இத்தா முடிந்தது. உன் அத்தா மௌத்தான பிறகு நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிரே அந்தக் கார்தான். அத்தா கடைசியாக உட்கார்ந்திருந்த சீட்டில் அவருடைய தொப்பி அப்படியே இருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு மனசு வரவில்லை. என்ன கோளாறு என்று தெரியாமல் போடக் கூடாது என்று பட்டது. இத்தா முடிந்ததும் நான் முதலில் செய்த காரியம் குன்னம் மெக்கானிக் அரியமுத்துவை வரச் சொன்னதுதான். அத்தா மௌத்தான அன்றைக்கு ரோட்டில் நின்றுபோன வண்டியைக் கட்டி இழுத்து வந்தவரும் அவர்தானே.

ஃபர்ஹாவும் அரியலூரிலிருந்து வந்திருந்தாள். அரியமுத்து புது பேட்டரி மாட்டி, தண்ணீர் நிறைய ஊற்றி ஸ்டார்ட் செய்தார். கால் மணி நேரத்தில் சூடு காட்டுகிற முள் மேலே ஏறிவிட்டது. ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. மேல் ஹோஸில் கை வைக்க முடியாத சூடு, கீழ் ஹோஸ் குளிர்ந்து கிடந்தது. "சூட்டுத் தண்ணி கீழ எறங்கலைங்க. ஒண்ணு வால்வு தொறக்கலை, இல்ல ரேடியேட்டரு அடைச்சிருக்கு" என்றார்.

வண்டி ஆறியதும் அந்த வால்வைக் கழற்றிக் கொண்டுவந்து, "அம்மா, சுடுதண்ணி வேணுங்க" என்றார். சூட்டில் அது திறக்கிறதா என்று பார்க்க என் டீச் சட்டியில்தான் கொதிக்க வைத்தோம். "என்னம்மா, சூப்பா?" என்று கேட்டு ஃபர்ஹா சிரித்தாள். நாலு மாதத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கொதி வந்ததும் வால்வு மீன் வாய் மாதிரித் திறந்துகொண்டது. அதில் கோளாறு இல்லை.

பிறகு ரேடியேட்டரைக் கழற்றினார். உள்ளே இருந்து மஞ்சள் சேறு வந்தது, அனஸ். களிம்பு மாதிரி, கட்டி கட்டியாக. அவர் கையெல்லாம் மஞ்சள். "எந்தப் புண்ணியவான்ங்க இதுல மஞ்சத்தூளக் கொட்டுனது? ஓட்டைய அடைக்கிறேன்னு தண்ணி போற வழியெல்லாம் அடைச்சு வச்சிருக்காங்க" என்று திட்டினார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அத்தா மௌத்தாவதற்கு ஒரு மாதம் முந்தி ரேடியேட்டர் சொட்டியது. டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சொன்னார் என்று வந்து மஞ்சள் தூள் டப்பாவைக் கேட்டார். "காருக்கும் மீன் ஆணம் வைக்கப் போறீங்களா" என்று கிண்டல் செய்துகொண்டே எடுத்துக் கொடுத்தேன். "அனஸ்ட்ட சொல்லிராத, புது ரேடியேட்டர் மாத்தணும்னு குதிப்பான்" என்றார். சொட்டுவது நின்றதும் அன்றைக்கு முழுக்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி சொட்டியது. அந்தத் தடவை அவர் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டார், கரண்டியால் அள்ளிப் போட்டது நான்.

வண்டியில் தண்ணீர் பார்த்தாயா என்று அன்றைக்குக் காலையில் அத்தா கேட்டாராமே. பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்று சொன்னாயாமே. ஃபர்ஹாவிடம் அழுதிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. தண்ணீர் பார்க்காததால்தான் வண்டி நின்றதா என்று அரியமுத்துவிடம் கேட்டேன். "குடம் குடமா ஊத்தியிருந்தாலும் கொதிச்சிருக்கும்மா. தம்பி ஒடனே ஆஃப் பண்ணுனதாலதான் இன்ஜினாச்சும் தப்பிச்சுச்சு" என்றார். நீ பொய் சொன்னது சொன்னதுதான். ஆனால் வண்டி அதனால் நிற்கவில்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டி நின்ற சோளக்கொல்லை ஓரத்தில் அத்தா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. சீக்கிரம் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. அல்லாஹ் அறிவான். அதையே நினைத்து நினைத்து ஓய்ந்துவிட்டேன். ஆனால் நீ டிரைவர் விசாவில் போய்விட்டு, ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று குடோனில் பெட்டி தூக்குகிறாயாமே. தவ்ஹீத் சொன்னான். உன் முதுகு அதற்குத் தாங்காது, அனஸ். யாருடைய குற்றத்தையோ நீ ஏன் சுமக்கிறாய்?

புது ரேடியேட்டர் போட்டாகிவிட்டது, தண்ணீருக்குப் பதிலாகப் பச்சைக் கூலன்ட். நேற்று அரியமுத்து ஓட்ட, நானும் ஃபர்ஹாவும் குன்னம் வழியாக அரியலூர் போய் அவளை விட்டுவிட்டு வந்தோம். அந்த இடம் வந்தபோது நான் வெளியே பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாதியைத் தாண்டவில்லை. தொப்பியைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

வண்டியைச் சும்மா போட்டு வைக்கக் கூடாதாம், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சாவி திருகக் கற்றுக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போன் போடு. போனை ஜன்னல் ஓரம் வைத்து ஸ்டார்ட் பண்ணுகிறேன், சத்தம் சரியாக இருக்கிறதா என்று நீ கேட்டுச் சொல். அரியமுத்து சொன்னாலும் எனக்கு நீ சொன்னால்தான் நம்பிக்கை.

இதைப் படித்துவிட்டு என் மேல் கோபம் வரும். வரட்டும். திட்டுவதற்காகவாவது போன் போடு. நான் வைக்க மாட்டேன்.

ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கை ஏந்துகிற,
உன் அம்மா
நஃபீசா