இரண்டு பை ஹாப்ஸ்

அன்பு மச்சானுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் சுகம். குட்டிக்கு மேலே இரண்டு பல் முளைத்துவிட்டது. கையில் எது கிடைத்தாலும் வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, தீர்ப்புச் சொல்வதுபோல் துப்புகிறாள். சுவை பார்க்கும் அப்பன் தொழில் அப்படியே வந்திருக்கிறது என்று உங்கள் தங்கை சொல்கிறாள். என்னிடம் அல்ல, குழந்தையிடம் சொல்கிறாள். அது ஏன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

ரொட்டி ஆலை வேலை பழகிவிட்டதா? பீர் ஆலையை விட்டுப் போனாலும் ஈஸ்ட் உங்களை விடவில்லை பாருங்கள். அதிகாலை ஷிப்ட் என்று எழுதியிருந்தீர்கள். இடுப்பு வலியைச் சும்மா விட்டுவிடாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை உங்கள் பார்லி ஒயினைத் திறந்தோம்.

ஆமாம், அதேதான். முதலாளியம்மா சாக்கடையில் கொட்டச் சொன்னபோது, "பேர்லதாம்மா ஒயின், இது பீர்தான். ஆனா ஒயின் மாதிரி காத்திருக்கும். ஒரு வருஷம் விட்டு வைங்க, அப்பவும் பிடிக்கலேன்னா கொட்டிடுங்க" என்று கெஞ்சிவிட்டு வேலையை விட்டுப் போனீர்களே, அந்த இருபது பெட்டி. நிலவறைப் படிக்கட்டுக்கு அடியில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கிடந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன். ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

சுவை பார்க்க நாலு பேர் உட்கார்ந்தோம். முதலாளியம்மா, புட்டி அடைக்கும் பகுதி அக்கா, நான், வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர். எதற்கெடுத்தாலும் அரைப் புள்ளி குறைப்பதால் அவருக்கு அக்கா அன்றைக்கே 'அரைப்புள்ளி' என்று பேர் வைத்துவிட்டாள். புட்டிகளைக் காகிதத்தில் சுற்றி எண் மட்டும் போட்டிருந்தோம். புதிதாக வந்த காய்ச்சுபவர் உங்கள் அளவுக் குறிப்பைப் பார்த்து, கசப்புக்கு ஒரே ஒரு பை ஹாப்ஸ் பூ போட்டு 'சரியாக'க் காய்ச்சியதும் அதில் ஒன்று.

அது மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது மடக்கிலேயே திகட்டிவிட்டது. பாகு குடித்த மாதிரி உதடு ஒட்டியது.

அடுத்தது மூன்றாம் எண். ஊற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மச்சான். பழைய செம்பு நிறம், மேலே மெல்லிய நுரை. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் ஆரஞ்சுத் தோல், அதன் பின்னால் பைன் மரப் பிசின், அதற்கும் கீழே பேரீச்சையும் எரித்த சர்க்கரையும். வாயில் வைத்ததும் இனிப்பு முழு நாக்கிலும் பரவுகிறது. இனிமேல் திகட்டும் என்று நினைக்கும் இடத்தில் கசப்பு வந்து அதைத் துடைத்து எடுத்துவிடுகிறது. பத்தரை சதவீதம் ஆல்கஹால் என்று தொண்டையில் தெரியவே இல்லை. விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சில் இளஞ்சூடாக இறங்குகிறது. போன வருஷம் பல் கூசும்படி கசந்த அதே சரக்கு!

அரைப்புள்ளி பேனாவை மூடி வைத்துவிட்டார். எதையும் குறைக்கவில்லை. இன்னும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, "இவ்வளவு ஹாப்ஸ் போட யாருக்குத் துணிச்சல் வந்துச்சு?" என்று கேட்டார். முதலாளியம்மா பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். உங்கள் கையெழுத்து: 'என் கவனக்குறைவால் ஹாப்ஸை இரண்டு முறை போட்டேன்.'

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து சொல்லிவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உங்களிடம் நான் ஒரு முறைகூட வாய் திறந்து சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன். அன்று மால்ட் பார்லி மூட்டை இறக்கப் போகும்போது, "கொதி வந்ததும் ஒரு பை போட்டுட்டு பலகையைத் திருப்பிடு" என்றீர்கள். போட்டேன். 'போட்டாச்சு' பக்கம் தெரிய ஆணியில் திருப்பியும் மாட்டினேன். பலகையில் ஆவி படிந்திருந்ததால், என் சுத்தப் பைத்தியம் சும்மா இருக்காமல், கழற்றித் துடைத்தேன். திரும்ப மாட்டும்போது பக்கம் மாறிவிட்டது. நான் சுவை அறைக்குப் போய்விட்டேன். நீங்கள் வந்தீர்கள், 'போடவில்லை' என்றிருந்தது, நான் மறந்துவிட்டேன் என்று மறுநாளைக்கு நிறுத்து வைத்திருந்த பையைப் பிரித்துப் போட்டீர்கள். குப்பைக்கூடையில் இரண்டு காலிப் பைகளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும்தான்.

எனக்கு அதற்கு முன்பே இரண்டு எச்சரிக்கை. உங்கள் தங்கைக்கு எட்டாம் மாதம். முதலாளியம்மா வந்து கேட்டபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நான்தாம்மா ரெண்டு தரம் போட்டுட்டேன்" என்றீர்கள். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷம் காய்ச்சிய மனுஷன், கை மறதிக்காரன் என்ற பேரோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு போனீர்கள். நான் ஸ்டேஷன் வரைக்கும் வந்து டாட்டா காட்டினேன். நினைத்தாலே கூசுகிறது.

முதலாளியம்மா பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு என்னிடம், "தப்பு உங்களோடது. பீர் அவரோடது. கெட்டுப்போனதைக் கொட்டாம காப்பாத்தத் தெரிஞ்சது அவருக்குத்தானே?" என்றார். பதிவேட்டில் உங்கள் வரியை அடித்துவிட்டு, நடந்ததை என் கையால் எழுதி, கையெழுத்தும் போடச் சொன்னார். போட்டேன். வேலை போகவில்லை. ஆனால் அந்தப் பலகையை ஆயுசுக்கும் நான் தொடக்கூடாது என்று உத்தரவு.

மச்சான், நன்றி என்ற வார்த்தையை உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. குட்டி இந்த வீட்டில் பயமில்லாமல் பிறந்தது உங்களால்தான். நான் இன்று தலை நிமிர்ந்து வேலைக்குப் போவதும் உங்களால்தான். இதை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் உங்கள் தங்கையிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கண்ணன் வரட்டும். அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட பேச்சு" என்றாள். அதோடு சரி. ஆறு நாளாக எனக்கு வரும் செய்தி எல்லாம் குட்டி வழியாகத்தான். 'அப்பாவுக்கு உப்பு வேணுமான்னு கேளு' என்கிறாள். குட்டி என்னைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரிக்கிறாள்.

இதோடு ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். ஐஸில் வைத்து அதைக் கொன்றுவிடாதீர்கள். அகலமான கிளாஸில் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு குடியுங்கள்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை இதையே மறுபடி காய்ச்சுகிறோம், இந்த முறை வேண்டுமென்றே. இரண்டு பையும் நிறுத்துக் கட்டியாயிற்று. புதியவர் கை வைக்கத் தயங்குகிறார், முதலாளியம்மா உங்கள் பழைய ஏப்ரனைத் துவைத்து மாட்டி வைத்திருக்கிறார். வர முடியாது என்றால் அது உங்கள் உரிமை, நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் வாருங்கள், மச்சான். உங்கள் மருமகள் இன்னும் உங்கள் தோளில் ஏறவில்லை. இந்த வீட்டில் என்னோடும் யாராவது ஒரு வார்த்தை பேச வேண்டும்.

உங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும்.

என்றும் உங்களுக்குக் கடமைப்பட்ட,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்