உரிந்த பட்டை

மார்ச் 4

தோட்டக்காரிக்கு,

நலம். உன் அக்கா வீட்டில் நீயும் நலமாக இருப்பாய். மாதக் கடைசியில் வந்து, தொட்டியில் குட்டியாக வளர்த்த உன் பைன் போன்சாயை எடுத்துக்கொள்வதாகவும், அதோடு இந்த வீட்டில் உன் பொருள் எதுவும் இருக்காது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

மரம் நன்றாக இருக்கிறது. நீ சொல்லிவிட்டுப் போனபடி மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். உன்னிடம் அழகாகக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று நேற்று ஒரு வேலை செய்தேன். பழைய சுவரில் பெயின்ட் உரிகிற மாதிரி அடிமரம் செதில் செதிலாக இருந்தது. கம்பி பிரஷ்ஷால் ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டி வழவழப்பாக்கிவிட்டேன். மறுபக்கம் அடுத்த லீவு நாளில். பார்த்தால் அசந்துபோவாய்.

இப்படிக்கு,
பெயின்டர்

மார்ச் 8

பெயின்டருக்கு,

பிரஷ்ஷைக் கீழே வைக்கச் சொல்லி அக்கா போன் செய்திருப்பாள். நான் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் அவளைப் பேசச் சொன்னேன்.

அது அழுக்கு இல்லை. அந்த முரட்டுப் பட்டைக்காகத்தான் அந்த மரம். கல்யாணமான அடுத்த மாதம் வாங்கும்போது பென்சில் கனம்தான் இருந்தது. விரல் பட்டாலே பட்டை பெயர்ந்துவிடும் என்று பன்னிரண்டு வருஷமாகத் தொட்டியைப் பிடித்தே தூக்கினேன். அடிமரத்தை ஒரு நாளும் தொட்டதில்லை.

சுரண்டிய இடத்தில் பிசின் கசிகிறதா? பச்சையாகவோ வெள்ளையாகவோ தெரிந்தால் மரம் பிழைப்பது கஷ்டம். செம்பழுப்பு என்றால் பயமில்லை. பார்த்து எழுதுங்கள். வேறு எதையும் செய்து தொலைக்காதீர்கள்.

தோட்டக்காரி

மார்ச் 12

தோட்டக்காரிக்கு,

பிசின் இல்லை. செம்பழுப்புதான். கண்ணாடி போட்டு இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

என் வேலையில் உரிவதையெல்லாம் சுரண்டித்தான் ஆக வேண்டும். கை முந்திக்கொண்டது. நீ கிளம்பிய அன்று, “என்னைவிட அந்தக் குச்சிதான் உனக்குப் பெருசா?” என்று கத்தினேனே, அந்தக் கோபத்தில் செய்ததாக நினைக்காதே. உனக்குப் பிடிக்கும் என்றுதான் செய்தேன். எனக்கு வெட்கமாக இருப்பதே அதனால்தான். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் நீ என்ன வளர்த்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு.

உதிர்ந்த துண்டுகளை ஒரு பெயின்ட் டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒட்டாது என்று தெரியும், தூக்கிப் போட மனசு வரவில்லை. பட்டை திரும்ப வருமா? எத்தனை நாளாகும்? நீ அலைய வேண்டாம், மரத்தை நானே பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறேன்.

பெயின்டர்

மார்ச் 16

என்னங்க,

பஸ் வேண்டாம். ஒரு குலுக்கலில் மிச்சமும் உதிர்ந்துவிடும். இனி அந்த மரம் வீட்டைவிட்டு நகரக் கூடாது.

நாள் கணக்கு இல்லை, பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அதுவரை உங்களை நம்பி விட முடியுமா? சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன். “மரத்துக்காகத்தான் போறியா?” என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நம்பவில்லை.

டப்பா இருக்கட்டும். உரிந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பீர்கள், உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? தொட்டியைப் பிடித்து, மெதுவாக, நம் பக்கம் திருப்பி வையுங்கள்.

உங்கள்
தோட்டக்காரி