காலைத் தேய்த்தால் மடங்கும் கை

சுங்குவார்சத்திரம்
14.7.2013

அன்பு மகள் செந்தாமரைக்கு அப்பா எழுதுவது. அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி யாழினியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஏதோ இருக்கிறோம். வாராவாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. உன் அம்மா காதில் விழக்கூடாத சமாச்சாரம், நீ கூப்பிடுவதும் வீட்டுப் போனுக்குத்தான், அதில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஸ்டியரிங் மேல் அட்டை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

தம்பி கைவிரலை மடக்குகிறான் என்று அம்மா உன்னிடம் அழுதுகொண்டே சொன்னாளே, அது பொய் இல்லை, நானும் பார்த்தேன். ஒரகடம் ரோட்டில் லைட் இல்லாமல் நின்ற டிரெய்லரில் பைக்கை மோதி கழுத்து நரம்பு போனதிலிருந்து இனியவன் தலையை மட்டும்தான் அசைக்கிறான் என்பது உனக்குத் தெரியும். அம்மா அன்றைக்கு வெந்நீர்த் துணியால் அவன் உள்ளங்காலை அழுத்தித் தேய்த்தாள், வலது கை விரல்கள் தானாக மூடிக்கொண்டன. என்னைக் கூப்பிட்டு என் விரலை அவன் கையில் வைக்கச் சொல்லி மறுபடி தேய்த்தாள். பிடித்தான் செந்தாமரை. யாழினிக்குக் காது குத்த, தம்பி இப்படிக் கிடக்கிறானே, பெரியப்பா மகன் எல்லப்பனும் தாய்மாமன் முறைதானே, அவன் மடியில் உட்கார வைக்கலாம் என்று உன் மாமியார் சொல்லியிருந்தார்கள் இல்லையா. உன் அம்மா அன்றைக்கே அவர்களுக்குப் போன் போட்டு, எல்லப்பன் மடியெல்லாம் வாணாம், எம்புள்ள இருக்கான், பாப்பாவ அவனே புடிச்சிப்பான் என்று சண்டை மாதிரி பேசி, ஆவணியில் மணிமங்கலத்தில் மண்டபமும் சொல்லிவிட்டாள். அதை நம்பித்தான் நீயும் டிக்கெட் போட்டிருக்கிறாய்.

வியாழக்கிழமை பிசியோதெரபி செய்ய வருகிற வேல்விழி, அந்தத் திருநெல்வேலிப் பெண், அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னாள். அடிபட்டு மாசக்கணக்கில் ஆனபிறகு சிலருக்கு இப்படி வருமாம். காலில் பட்டது மூளைக்குப் போகவே இல்லையாம், அதுதான் கழுத்தில் வழி அடைத்துக் கிடக்கிறதே, கீழேயே தண்டுவடத்துக்குள் சுற்றி கை நரம்புக்குப் போய்விடுகிறதாம். ஹைவேயை மறித்தால் லாரியெல்லாம் ஊருக்குள் பூந்து போகுமே, அப்படி என்று புரிந்துகொண்டேன். குணமாகிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். இல்ல ஐயா, அவிய மடக்கல, அதுவா மடங்குது, இதுல நம்பிக்க வச்சிராதிய என்றாள். அவளைத் திட்டலாம் போல வந்தது, அவள் என்ன செய்வாள்.

அவள் போனதும் கட்டிலில் இருந்து இனியவன், எனக்கு மொதல்லயே தெரியும்ப்பா என்றான். அம்மா கால தொட்றதே எனக்குத் தெர்ல, கை மூட்றதும் கண்ணால பாத்தாதான் தெரியுது, நீயாடா மடக்குனன்னு அவ்ளோ ஆசையா கேட்டுச்சு, ஆமாம்மான்னு சொல்லிட்டேன், நீ ஒண்ணும் ஒளறி வெக்காத என்றான். காது குத்த எல்லப்பண்ணன் மடியிலயே வெச்சிக்கோங்க, எங்கிட்டன்னா பாப்பா வழுக்கி வுழுந்துடும் என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேனம்மா. பெற்றவன் வேறு என்ன செய்வான்.

அதனால் யோசித்து எழுதுகிறேன், நன்றாகக் கேள். எல்லப்பன் வேண்டாம். வீல்சேரில் பெல்ட் போட்டு இனியவனை உட்கார வைப்போம், யாழினி அவன் மடியில்தான் இருக்க வேண்டும். பின்னால் குழந்தையின் முதுகில் உன் கை இருக்கட்டும், விடாதே. தாம்பாளம் பிடிக்கிற சாக்கில் நான் அவன் காலடியில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆசாரி ஊசியை எடுக்கும்போது குழந்தையின் கையை அவன் வலது உள்ளங்கையில் வைத்துவிடு, நான் காலைத் தேய்க்கிறேன். மாமன் பிடித்துக்கொண்டான் என்று உன் அம்மா எல்லோரிடமும் சொல்லட்டும். அவனும் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.

இதற்குப் பதில் எழுதாதே, அம்மா பிரித்துவிடுவாள். போனில் சரிப்பா என்று மட்டும் சொல். குழந்தையை ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதே, மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, வருவதற்கு முன்னால் யாழினிக்கு நகம் வெட்டிவிடு. வலியில் அவன் கையைப் பிறாண்டி ரத்தம் வந்தால்கூட அவனுக்குத் தெரியாது.

இப்படிக்கு
உன் அப்பா
ரத்தினம்